பசுவும் ஏழு எருமைகளும்

நாற்பத்தொரு மணி நேரம் அந்தப் பசு செய்யாற்று வெள்ளத்தில் நின்றது. கழுத்துக் கயிறு கரையோரத்து வேலமரத்தில் சிக்கியதால் வெள்ளத்தோடு போகவில்லை. தண்ணீர் சற்று வடிந்ததும் மாகறல் ஆட்கள் நீந்திப் போய் அதை இழுத்து வந்தார்கள். ஏழு எருமைகளையும் இழுத்துக் கரை சேர்த்தார்கள். எல்லாம் மேற்கே எந்த ஊரிலிருந்தோ மிதந்து வந்தவை. யாரும் தேடி வரவில்லை.

எருமைகள் எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தன என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல ரேணுகாம்பாள் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் பிள்ளையார்பாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த வருஷம்தான், 1971இல், நாங்கள் இருவரும் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தோம். அவளுடைய அப்பா அப்பாதுரையின் களத்தில்தான் எட்டு மாடுகளும் கட்டியிருந்தன. முள் கிழித்த இடத்திலும் கயிறு அறுத்த இடத்திலும் புழு வைத்துவிட்டது. மூன்று எருமைகளுக்குக் காய்ச்சல். கால்நடை மருந்தகத்துக் கம்பவுண்டர் தாவீது தினமும் சைக்கிளில் வந்து பார்த்தார். சர்க்கார் மருந்து தீர்ந்துவிட்டது. வெளியில் வாங்கிக் கொடுத்தால் பெனிசிலின் போடத் தயார் என்றார். பத்து நாள், காலையும் மாலையும் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் போட்டதும் வீண்.

மாகறலில் நெல் மூழ்கியிருந்தது, அங்கே யாரிடமும் கேட்க முடியாது. எங்கள் நெசவுத் தெருவில் தீபாவளிச் சேலைகளுக்கான கூலி வந்திருந்தது.

எனக்கு வீடு வீடாய்ப் போய்க் கேட்கத் தெரியாது. தெரிந்தவர்கள் முன்னாலேயே பேச்சு வராது. அதனால் ஒரு தாளில் விவரம் எழுதி, கார்பன் வைத்துப் பன்னிரண்டு நகல் எடுத்தேன். எண்ணிக்கை அதிகம் என்பதால் எருமைகளை முதலில் எழுதியிருந்தேன். ரேணுகாம்பாள் படித்தாள்.

"எருமைக்கு எவடி காசு குடுப்பா? பசுவத் தூக்கி மேல போடு" என்றாள்.

எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். எருமைகள் கடைசி வரிக்குப் போயின.

ஒவ்வொரு வீட்டிலும் தாளைக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது வீடு நீலாம்பாள் அக்காவுடையது. அவள் புருஷன் வேணுகோபால் தறியை நிறுத்தி, தறிக்குழியில் இருந்தபடியே தாளை வாங்கி உரக்கப் படித்தார். பாதியிலேயே போதும் என்று மடித்தார்.

"பேசாத பொண்ணு, வாயில்லா ஜீவனுக்கு வசூல் பண்ணிக்கினு வருது பாரு. நல்லா ஆள் புடிச்சாங்கபா" என்றார்.

நீலாம்பாள் சிரிக்கவில்லை. நாற்பத்தொரு மணி நேரமா என்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் தலையாட்டினேன். உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தாள். அந்தத் தெருவில் யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை. பிறகு அவளே பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஊசி போட ஆரம்பித்தார்கள். அதற்குள் பசு தெருவில் பிரபலமாகியிருந்தது. வெள்ளத்திலும் அது மாகறல் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடியே நின்றதாம். நான் எழுதிய தாளில் அப்படி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பசு செத்தது. நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று தாவீது சொன்னார். எருமைகளுக்குப் புண் காயத் தொடங்கியிருந்தது. அன்று மாலை ரேணுகாம்பாள் வந்தபோது நடந்ததைச் சொன்னாள். பிறகு, நான் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, வழக்கம்போலத் தாளை மட்டும் கொடுத்தால் போதும் என்றாள்.

தாளில் ஒரு வரியை அடிக்க வேண்டியிருந்தது. நான் அடிக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் அடுத்த தெருக்களுக்குப் போனேன். பசு எப்படி இருக்குது என்று கேட்டார்கள். தலையாட்டினேன். அதை அவரவர் வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். என்னைப் பேச வைக்க யாரும் முயலவில்லை. நான் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாங்கிய மருந்து வியாழக்கிழமை மாலை ஊசியோடு தீர்ந்துவிடும். மேலும் நான்கு நாளுக்கு வேண்டும். அன்று அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது, ஆண்களும் பெண்களும் வீட்டில் இருப்பார்கள் என்று அந்த நாளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அமாவாசையன்று அவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்பதை யோசிக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு வாசலில் நீலாம்பாளும் இன்னும் ஐந்து பெண்களும் நின்றார்கள். ஆளுக்கொரு கட்டு அகத்திக்கீரை. செத்தவர்களை நினைத்துப் பசுவுக்குக் கொடுப்பது.

"கெளம்புமா கமலாட்சி. ஒம்போதரைக்கு மாகறல் பஸ் இருக்குது" என்றாள் நீலாம்பாள்.

கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. நான் வீடு ஏறி வர வேண்டாம் என்று தெருவில் மிச்சம் இருந்த வீடுகளில் அவளே கேட்டு வாங்கிவிட்டாள். நான்கு நாள் மருந்துக்குப் போதும்.

இப்படி யாராவது கேட்டால் சொல்வதற்கு ரேணுகாம்பாள் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தாள். காலேஜில் படித்த பெண் சொன்னால் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்றாள். அதைச் சொன்னேன். தொத்து வியாதி மாதிரி இருக்கிறது, வெளியாள் கிட்டே போகக் கூடாது என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர்களுக்குக் கேட்டது. எதிர்க்கவில்லை. அவர்களில் பூவராகவன் மனைவி, அப்படியானால் தெருமுனையில் இருக்கிற மாட்டுக்கே போட்டுவிடலாம் என்றாள். ஐந்து பேரும் திரும்பி நடந்தார்கள்.

நீலாம்பாள் மட்டும் நின்றாள். முடிச்சை என் வலது கையில் வைத்தாள். கீரைக்கட்டை இடது கையில் கொடுத்தாள்.

"உன்னைக் கிட்ட வுடுவாங்க இல்ல? இத்த மட்டும் உன் கையால அதுக்குக் குடுத்துடுமா. எங்க அண்ணன் பேருக்கு. ஏரியில போனவரு. வருஷா வருஷம் கண்ட மாட்டுக்குப் போட்டுக்கினு இருக்கேன், போய்ச் சேருதோ இல்லியோ. இது தண்ணியில நின்னு பொழச்ச மாடு. இது தின்னா சேரும்."

முடிச்சு கனமாக இருந்தது. ஆறு நாளில் நிறுத்தினால் அந்தப் புண்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். காய்ச்சல் இருந்த மூன்றில் ஒன்று முந்தின நாள்தான் எழுந்து நின்றது.

நீலாம்பாள் படியிறங்கினாள்.

"அக்கா" என்றேன். அவள் திரும்பினாள். தெருவில் மற்றவர்களும் திரும்பினார்கள். நான் அப்படிக் கூப்பிட்டு அவர்கள் கேட்டதில்லை.

அவளிடம் போய் முடிச்சையும் கீரையையும் திருப்பிக் கொடுத்தேன்.

"பசு செத்துப்போச்சுக்கா. ஞாயித்துக்கெழமையே செத்துப்போச்சு. இப்போ ஊசி போடறதெல்லாம் எருமைங்களுக்குத்தான்."