துளிக்குப் பின் வரும் நிறம்

"இப்ப என்ன நிறம்?" என்று அவர் கேட்டார்.

அவள் பூதக்கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பிடித்தாள். உள்ளங்கையில் அடங்கும் கல்சில்லு ஒன்றின் மேல் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டினாற்போல ஒட்டிக்கிடந்தது, பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற லைக்கன். கண்ணாடிக் குச்சியால் அவள் வைத்த பொட்டாஷ் துளி அதன் ஓரத்தில் ஊறிப் பரவி, வெளிறிய மஞ்சளாகியிருந்தது.

"மஞ்சள்."

"பொறு. அவசரப்படாத. முதல்ல மஞ்சள்தான் வரும். அப்புறம்தான் சிவக்கும்."

இரண்டு வருடங்களாக இந்த மேசை இப்படித்தான் இருந்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் அவள், எதிரே அவர், நடுவில் மருந்துக் குப்பிகளும் காகிதப் பொட்டலங்களும். அவருடைய கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறை, பக்கவாட்டில் பார்த்தால் காதும் தோளும் தெரியும் என்று அவரே சொல்வார். நிறம் சுத்தமாகப் போய்விட்டது. போனது திரும்ப வராது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தவர், அடுத்து வந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், எழுந்து போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் பெயர் வைக்காத பொட்டலங்கள் பெட்டி பெட்டியாக அறையில் கிடந்தன. கடைசியில் அவள்தான் ஒரு பெட்டியை இழுத்து வந்து மேசையில் வைத்து, "நான் பாத்துச் சொல்றேன், நீங்க பேர் சொல்லுங்க" என்றாள். துளி மருந்து பட்டு லைக்கன் எந்த நிறமாகிறது என்பதை வைத்துத்தான் அவர் இனத்தின் பெயரைச் சொல்வார். முப்பது வருடம் தபால் அலுவலகக் கவுன்டரில் உட்கார்ந்தவள். பொட்டலத்தைப் பிரிப்பதும் கட்டுவதும் மேலே எழுதுவதும் அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் இந்த முப்பது வருடத்தில் அவர் என்ன பார்க்கிறார் என்று அவள் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது, மரப்பட்டையில் சொறி மாதிரிப் படர்ந்திருக்குமே, அதைப் படிக்கிறவர் என்று தரகர் சொல்ல, அவளுடைய அண்ணன் "தோல் டாக்டரா? நல்ல வரும்படியாச்சே" என்றாராம். அவர் வேலை பார்த்த இடத்திலும் அவருக்குச் 'சொறி சார்' என்றுதான் பெயர். அவருக்கு அது தெரியும். கோபப்பட்டதில்லை. பாசி என்று யாராவது சொன்னால்தான் கோபம் வரும்.

"இப்ப?"

மஞ்சள்தான். ஓரத்தில் காயவும் தொடங்கிவிட்டது. அவள் தலையை நிமிர்த்தினாள். அவர் முகத்தைச் சற்றே திருப்பி, கண்ணின் ஓரத்தால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிரண்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. இந்தக் கல்லை அவர் கடைசியாகப் போன பயணத்தில் ஓர் ஓடைக்கரையிலிருந்து உடைத்து எடுத்து வந்தார். பார்வைக்கு எங்கும் கிடைக்கிற சாதாரண லைக்கன் மாதிரியே இருக்கும், ஆனால் அது இல்லை, அன்றைக்கே ஒரு துளி வைத்துப் பார்த்தேன், குங்குமம் மாதிரிச் சிவந்தது, இது தனி இனம் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இதைக் கடைசியில் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்ததும் அவர்தான். சிவக்கவில்லை என்று சொன்னால் ஓர் இனம் இல்லாமல் போவது மட்டுமில்லை. அந்த ஓடைக்கரையிலேயே அவருடைய கண் போயிருந்தது, இல்லாத நிறத்தைத்தான் அவர் பார்த்துவிட்டு வந்தார் என்றும் ஆகிவிடும். அவள் இவ்வளவையும் யோசித்துச் சொல்லவில்லை. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"செவக்குதுங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, "காபி போடறியா?" என்று கேட்டார். கண் போனபிறகு அவர் தனக்கென்று எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அவருடைய பழைய மாணவி வந்தாள். லைக்கனுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவைப் பற்றி ஆராய்கிற பெண், பல்கலைக்கழகத்தில் இப்போது அவளுக்கென்று ஓர் ஆய்வகம் இருந்தது. மாதத்துக்கு ஒரு தரம் வந்து, பெயர் வைத்த பொட்டலங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துணுக்குக் கிள்ளிக்கொண்டு போவாள். எல்லோரும் பூஞ்சை ஒன்று, பாசி ஒன்று, இரண்டும் சேர்ந்து லைக்கன் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள், உள்ளே பார்த்தால் பாக்டீரியா கூட்டம் கூட்டமாக இருக்கிறது என்று முதல் தடவை வந்தபோது அவள் விளக்கினாள்.

"கூட்டுக் குடும்பம்னு சொல்லு" என்றாள் இவள்.

"ஆமாம்மா. யார் சமைக்கறாங்க, யார் சும்மா சாப்பிடறாங்கன்னுதான் புரியல."

ஒரு லைக்கன் காலப்போக்கில் இரண்டு இனமாகப் பிரியும்போது உள்ளே இருக்கும் பாக்டீரியாவும் கூடவே பிரிந்ததா, இல்லை புது வீட்டுக்குப் புது ஆள் வந்ததா என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு லைக்கனின் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். அவர் அளவுக்குப் பெயர் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை.

இந்த முறை அவர் வாசலுக்கே போய் அவளை வரவேற்றார். ஓடைக்கரைக் கல்லை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "சிவந்திருக்கும்மா. அம்மாவே பாத்தா. நீ டி.என்.ஏ. மட்டும் பாத்துச் சொல்லிடு, மிச்சத்த நான் எழுதறேன்" என்றார். மாணவி கல்லை வாங்கிக்கொண்டு இவளைப் பார்த்துச் சிரித்தாள். வாசல்வரை வழியனுப்பப் போனபோது சொல்லிவிடலாம் என்று இவள் நினைத்தாள். அந்தப் பெண் காரைத் திறந்து, கல் அடிபடாமல் துணியைச் சுற்றி இருக்கையில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டாள். "சாரை இப்படிப் பாத்து ரொம்ப நாளாச்சும்மா" என்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வந்த வாரங்களில் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இனத்தின் விவரம்: விளிம்பு எப்படி, மேற்பரப்பு எப்படி, எந்தக் கல், எவ்வளவு ஈரம். துளி வைத்தால் மஞ்சள், பின் சிவப்பு என்ற வரி வந்தபோது அவள் பேனா நிற்கவில்லை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அவர் குளிக்கும்போது பாடத் தொடங்கியிருந்தார். சுருதி சேராது. பக்கத்து வீட்டுக்காரி மதில் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன, ஐயாவுக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

மாணவி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சார், டி.என்.ஏ. வந்திருக்கு. நாம தெனம் பாக்கற சாதாரண இனம்தான் சார். வித்தியாசமே இல்ல."

"இருக்காதே" என்றார் அவர். "டி.என்.ஏ. எடுக்கும்போது வேற ஏதாவது கலந்திருக்கும். நிறம் மாறுதேம்மா."

"நானும் துளி வெச்சுப் பாத்தேன் சார். புதுக் கரைசல் கலந்து, வேற வேற எடத்துல. மஞ்சள்தான் வருது."

"இங்க செவந்துச்சு."

அவர் முகத்தைத் திருப்பி, கண்ணின் ஓரத்தில் மனைவியைத் தேடினார். "நீ சொல்லு. என்ன பாத்த?"

சிவப்புதான் என்று சாதித்திருக்கலாம். மருந்து பழசாகிக் கெட்டிருக்கும் என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். ஆனால் எதிரே அந்தப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

"மஞ்சள்தாங்க இருந்துச்சு" என்றாள் அவள். "செவக்கல."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கையை நீட்டி மேசையைத் தடவி, அடுக்கி வைத்திருந்த பொட்டலங்களில் மேலே இருந்ததை எடுத்தார். அதன் முகப்பில் அவள் கையெழுத்தில் இருந்த பெயரின் மேல், அவரால் படிக்க முடியாத அந்த எழுத்தின் மேல், கட்டைவிரலை ஓட்டினார்.

"அப்ப மத்ததெல்லாம்?" என்று கேட்டார்.

"இது ஒண்ணுதாங்க. சத்தியமா. மத்ததெல்லாம் பாத்ததத்தான் சொன்னேன்."

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றாள் மாணவி. சொல்லிவிட்டு, சற்று நேரம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு இவள் பக்கம் பார்க்காமலே பேசினாள். இந்தப் பெயர்களை வைத்துத்தான் அவள் பாக்டீரியாவின் வம்ச மரத்தைப் போட்டிருந்தாள். எந்த பாக்டீரியா எந்த லைக்கனுக்குள் இருந்தது, எது எதிலிருந்து பிரிந்தது, எல்லாமே இந்த மேசையிலிருந்து போன பெயர்தான். ஒன்று தப்பு என்று தெரிந்தபிறகு மற்றதைச் சரிபார்க்காமல் வெளியிட முடியாது. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா."

"நான் என்ன நெனைக்கப் போறேன்" என்றாள் இவள்.

பெட்டிகளை இருவருமாகத்தான் தூக்கிக் காரில் வைத்தார்கள். ஒரே நடையில் முடியவில்லை. போக வர, அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பெட்டி போனபிறகு அறையில் பேச்சு எதிரொலித்தது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர், "நான் கோபமா இல்ல" என்றார்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீ கெட்ட எண்ணத்துல சொல்லியிருந்தா எங்கெங்க சொல்லியிருப்பன்னு யோசிச்சுக் கண்டுபிடிச்சிடலாம். பிரியத்துல சொல்ற பொய் எங்க வேணும்னாலும் இருக்கும்."

அவள் ரசத்தை ஊற்றப் போன கையை எடுத்துக்கொண்டாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

அந்த மேசையில் அவர்கள் பிறகு உட்காரவில்லை. மருந்துக் குப்பிகளை அவள் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். குளியலறையில் பாட்டு நின்றது. வானொலி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை. மகன் தொலைபேசியில் கேட்டபோது, "அப்பா நல்லா இருக்கார், கொஞ்சம் ஓய்வா இருக்கார்" என்று சொல்லிவிட்டு, இதிலும் எவ்வளவு உண்மை என்று அவள் யோசித்தாள்.

மழைக்காலம் முடியும்போது மாணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். எல்லாப் பொட்டலங்களையும் மறுபடி பார்த்தாகிவிட்டது. பெரும்பாலும் எல்லாமே சரி. ஐந்தே ஐந்தில் மட்டும் நிறம் வேறாக வருகிறது. "அஞ்சு ஒண்ணுமே இல்லம்மா. கண்ணு நல்லா இருக்கறவங்களே அதுக்கு மேல தப்பு விடுவாங்க. சார்கிட்ட சொல்லுங்க." இவள் அந்த ஐந்தின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவரிடம் சொன்னாள். அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துக் கேட்டுவிட்டு, "சரி" என்றார். எந்த ஐந்து என்று கேட்கவில்லை.

ஆனால் அவளை அந்த ஐந்தும் விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தாள். மரப்பட்டையில் இலை மாதிரி விரிந்திருந்த ஒன்று. கம்பி மாதிரித் தொங்கிய ஒன்று. துளி வைத்தது ஞாபகம் வந்தது, அவருடைய குரலும் ஞாபகம் வந்தது. "மஞ்சள்தானே?" என்று கேட்பார். அந்த 'தானே'யில் ஒரு சாய்வு இருக்கும். அந்தச் சாய்வுக்குத்தான் தலையாட்டினாளா, இல்லை கண்ணால் பார்த்ததற்கா? ஒன்றுதான் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தபோது அது உண்மை. அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது. இப்போது பாலைக் கொதிக்க வைத்து இறக்கும்போதுகூட அது வெள்ளைதானா என்று ஒரு கணம் நின்று பார்த்தாள்.

கண் டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்தது. புதிதாகச் சொல்ல டாக்டரிடம் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் போவார்கள். பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. சிமென்ட் பெஞ்சில் நடுவே அவர், இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் மடியில் பிளாஸ்டிக் கூடையோடு முன்பின் தெரியாத ஓர் அம்மாள். இந்த ஊரில் பஸ் போகும் தடத்துக்கு ஒரு நிறம். மருத்துவமனைக்குப் பச்சை, சந்தைக்கு நீலம். தூரத்தில் பஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவர் தலையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினார்.

"அம்மா, வர்ற பஸ் என்ன நிறம்?"

கூடைக்காரி ஒரு கணம் குழம்பி, அவருக்குப் பின்னால் நின்ற இவளைப் பார்த்தாள். கூட ஆள் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறார் என்று அந்தப் பார்வையில் இருந்தது. இவள் சாலையைப் பார்த்தாள். பஸ் பழசு. பெயின்ட் வெயிலில் வெளுத்து, புழுதி ஏறி, தடத்தின் பலகை கண்ணாடிக்குள்ளே சரிந்து கிடந்தது. அவளைக் கேட்டிருந்தால் நீலம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"பச்சைங்க" என்றாள் கூடைக்காரி.

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து, கையை முன்னால் நீட்டியபடி பஸ்ஸை நோக்கி நடந்தார். அவள் பின்னாலேயே போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு அருகே வந்து நின்றது, திறந்தது. படியில் கால் வைக்குமுன் அவள் ஒரு முறை விலகி நின்று பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்தாள். புழுதிக்கு அடியில் பெயின்ட் இரண்டு நிறத்துக்கும் நடுவே எங்கோ இருந்தது.