எழுபத்தோரு ஆர்டர்கள்

கென்டக்கி மலைப்பக்கத்துச் சிற்றூர் அது. வெர்னா டாக்கெட்டின் மருந்துக்கடையை விட்டால் அடுத்த கடை நாற்பது மைல். வெள்ளிக்கிழமைக்குள் வழி பிறக்காவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்று மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு எழுதியிருந்தாள். விசாரிக்க வந்த அதிகாரி கர்டிஸ் பீஸ்லி, உள்ளதைச் சொன்னால், புகாரைத் தள்ளிவிடத்தான் வந்திருந்தார்.

வலிப்பு மருந்தை அவள் வாங்குவது தொண்ணூறு டாலருக்கு. காப்பீடு உள்ள நோயாளிக்கு அதைக் கொடுத்தால், காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் நிறுவனம் அவளுக்குத் தருவதோ அறுபத்தொன்று. ஏனென்று கேட்டால், இன்ன மொத்த வியாபாரியிடம் அந்த விலைக்கே கிடைக்கிறது என்று பெயர் போட்டுப் பதில் வரும்.

"பேரைக் குடுத்துட்டாங்களே மேடம். சட்டப்படி சரியாத்தானே இருக்கு?"

"கிடைக்கிற இடத்தைச் சொல்லணும்னுதான சார் சட்டம்? கிடைக்குதான்னு யாராவது பார்த்தீங்களா?"

மற்ற ஊர்க் கடைக்காரர்கள் இப்படி வரும் பதிலைப் படித்து, திட்டித் தீர்த்து, குப்பையில் போட்டார்கள். வெர்னா ஒவ்வொரு முறையும் அந்த வியாபாரியிடமே ஆர்டர் போட்டிருக்கிறாள். எழுபத்தோரு முறை! ஒவ்வொன்றுக்கும் வந்த 'எங்களிடம் இல்லை' பதிலைத் தேதிவாரியாகப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். என்ன பொம்பளையப்பா இவள் என்று கர்டிஸ் மலைத்துப்போனார்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அவரே ஒரு தாளை உருவி, அதிலிருந்த வியாபாரியின் எண்ணுக்கு வெர்னாவைப் பேசச் சொன்னார். அவள் ஸ்பீக்கரில் போட்டு மருந்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தாள்.

"டாக்கெட் மேடம், இன்னிக்கும் நீங்கதானா? அதை நாங்க விக்கிறதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தெரியும்மா. இன்னொரு தடவை எழுதி அனுப்பிடு."

அதற்குள் சுரங்கத் தொழிலாளி வேட் வந்து நின்றான். அவன் மகளுக்கும் அதே மருந்துதான். வெர்னா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அவன் போனதும் கர்டிஸ் கேட்டார். "இதுலயும் நஷ்டமா?"

"இருபத்தொன்பது டாலர். அதுக்காகப் பிள்ளை வலிப்புல துடிக்கட்டும்னு விடவா?"

கர்டிஸ் அங்கேயே உட்கார்ந்து உத்தரவை எழுதினார்: எழுபத்தொன்றுக்கும் குறைத்த தொகையை நிறுவனம் திருப்பித் தர வேண்டும், இனி கடை வாங்கும் விலைக்குக் குறைவாகத் தரக் கூடாது. கையெழுத்துப் போட்டவர் நிமிர்ந்தார்.

"கடை மூடுறதா வாசல்ல ஒட்ட எழுதி வெச்சிருப்பீங்களே, அந்த அறிவிப்பைக் குடுங்க."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இதுக்கு நகல் இருக்கா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு," என்று அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.