டேங்க் மூடியில் வைத்த பொட்டு

உத்தமபாளையத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருந்த பாண்டீஸ்வரன் சொந்தமாக விமானம் செய்கிறான் என்றதும் ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போறானாக்கும் என்று டீக்கடையில் பேசினார்கள். சிரிக்காமல் கூடவே நின்றவன் ஒரே ஆள், ராயப்பன்பட்டி வெல்டர் மரியராஜ். வருசக்கணக்கில் இருவரும் அந்த ஒற்றை சீட்டு விமானத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

பெட்ரோல் டேங்க் இறக்கைக்கு மேலே இருந்தது. அதன் மூடியில் ஊசித் துவாரம் ஒன்றைப் போட்டவன் மரியராஜ்தான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, எஞ்சின் நின்றுவிடும்.

முதல் முறை பறக்கிற அன்று, ஊருக்கு வெளியே தரிசில் பூசை போட்டார்கள். பாண்டியின் மனைவி முத்துலட்சுமி புதுச்சேலை கட்டிக்கொண்டு, காற்றாடிக்கு, சக்கரத்துக்கு, சீட்டுக்கு என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்தாள். கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி அந்த மூடியிலும் அழுத்தி அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி, “வீரபாண்டி ஆத்தா, எம் புருசனப் பத்திரமா எறக்கி விட்ரு” என்றாள்.

மரியராஜ் பார்த்தான். அங்கன வேணாம் தங்கச்சி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். அடுத்தவர் சாமி காரியத்தில் வாய் வைத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு தயக்கம். பூசை முடிந்ததும் துடைத்துவிடலாம் என்று நினைத்தான். பாழாய்ப்போன மரியாதை! தேங்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, எஞ்சின் உறுமியது, பயல்கள் விசிலடித்தார்கள். அந்தக் கூத்தில் அவனுக்கு மறந்தே போயிற்று.

விமானம் ஏறியது. சிரித்த ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே போனபோது சத்தம் இருமியது, அப்புறம் நின்றே போனது. பாண்டி அறுவடையான வயலைப் பார்த்துத்தான் இறக்கப் போனான். அங்கே பெண்கள் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித் திருப்பி, பக்கத்துத் திராட்சைப் பந்தலில் இறக்கினான். மேலிருந்து பார்த்தால் பாய் விரித்த மாதிரிதான் இருக்கும். இலைக்குக் கீழே எல்லாம் கல்தூணும் கம்பியும்.

மரியராஜ் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து ஆட்கள் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாண்டியின் நெஞ்சைத் தூண் நெரித்திருந்தது. அந்த நிலைமையிலும் அவன் மெக்கானிக்தான்.

“பெட்ரோல் இருக்கே மச்சான், ஏன் நின்னுச்சு? மூடியத் தெறந்து பாரு.”

மரியராஜ் திருகினான். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. இருவருக்கும் விளங்கிவிட்டது.

“தொடச்சிரு மச்சான்,” என்றான் பாண்டி. “அவளுக்குத் தெரிஞ்சா உசுர வச்சிருக்க மாட்டா.”

மரியராஜ் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்தபடியே அழுதான். தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆத்தா கோயில் இருக்கும் வீரபாண்டியைத் தாண்டுவதற்குள் பாண்டியின் உயிர் பிரிந்துவிட்டது.

கருமாதி முடிந்து சனம் கலைகிற நேரத்தில் முத்துலட்சுமி மரியராஜ் முன்னால் வந்து நின்றாள். முகம் வற்றிக் கிடந்தது.

“அண்ணே, ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. நீங்க சொல்லுங்க. எஞ்சின் எதுக்கு நின்னுச்சு?”

“டேங்க் மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருந்துச்சும்மா.”

“எது அடைச்சுச்சு?”

“தூசி.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, பொட்டு வைக்கயில அந்த மூடிய எம்புட்டு நேரம் பாத்தேன்! பாவி எங் கண்ணுல படலையே!”

 அவள் நினைப்பை அந்த மூடியில் நிற்க விடக் கூடாது என்று மரியராஜ் முந்திக்கொண்டான்.

“ஒங் கண்ணுல பட்டிருக்காது ஆத்தா. எங் கண்ணுல பட்டுச்சு. அப்பறமாத் தொடச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.”

அவள் அழுகை நின்றுவிட்டது. அவனையே பார்த்தாள்.

“பாத்துட்டா விட்டீக?”

“ஆமா.”

“கூடப் பொறந்தவனாட்டம் சோறு போட்டேனேய்யா! நீ வெளங்குவியா?” தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். “போ! இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, நான் பொம்பளையா இருக்க மாட்டேன்!”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். பின்னாலிருந்து இன்னும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. திட்டட்டும், நல்லாத் திட்டட்டும், உசுரோட இருக்கட்டும் என்று முணுமுணுத்தபடி நடந்தான்.