ஒரு சாண் குறைச்சல்

சுவர்ப்பூச்சு முடிந்ததிலிருந்து தையற்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சட்டைக்குக் கை வைப்பாள், மெஷினை நிறுத்துவாள், வாசலுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்ப்பாள், திரும்ப வந்து அடுத்த கையை எடுப்பாள். அப்படியொரு சுவர்! வெளிப்பக்கத்துப் பழைய பூச்சையெல்லாம் கோடையிலேயே கொத்தி எறிந்து, சுவரைக் காயவிட்டு, போன வாரம்தான் மாப்பிள்ளை புதிதாகப் பூசி முடித்திருந்தார். கொத்தனார் மாப்பிள்ளை வேண்டாமென்று ஒரு காலத்தில் ஒற்றைக்காலில் நின்றவள் இவள்தான். அதை இப்போது யாராவது ஞாபகப்படுத்தினால் அடிக்கவே வந்துவிடுவாள்.

இந்தச் சுவர் காய்ந்திருந்தால்தான் அவளுக்கு இந்த வீடு. ஒவ்வொரு மழைக்கும் ஓதம் தரையிலிருந்து இடுப்புயரம் ஏறி, அலமாரியில் இருந்த ஊரார் துணியிலெல்லாம் பூஞ்சை பிடித்தது. மகன் முடிவாகச் சொல்லிவிட்டான்: "இந்த மழைக்கும் ஓதம் ஏறிச்சுன்னா பேச்சே கிடையாது. மெஷின வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும்." மகன் வீட்டில் சோற்றுக்கும் பாசத்துக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே அவள் கைக்கு டிவி ரிமோட்டைத் தவிர என்ன வேலை? சுவரைப் பார்க்க இன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தான்.

எல்லாம் சரி, ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. பூச்சு தரையைத் தொடவில்லை. ஒரு சாண் மேலேயே நின்று, விளிம்பு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. கீழே வெறும் செங்கல் பல்லிளித்தது. மாப்பிள்ளை காரணம் சொல்லத்தான் செய்தார். அவளும் மெஷினை மிதித்துக்கொண்டே தலையை ஆட்டிவைத்தாள். எதிர்வீட்டுக்காரி வேறு காலையில் கேட்டுவிட்டுப் போனாள்: "என்னக்கா, செவுத்துக்கு அரை டிரவுசர் மாட்டி விட்டிருக்காரு உங்க மாப்பிள்ள?"

வாழ்நாளெல்லாம் துணிக்குக் கீழ்மடிப்பு அடித்த கை. ஓரம் அடிக்காத எதையும் அவளால் வெளியே அனுப்ப முடியாது. மாப்பிள்ளை சாரப்பலகைகளைத் திருப்பிக்கொடுக்கப் போயிருந்தார். பின்வாசல் படிக்குக் குழைத்து மீந்த கலவை சட்டியில் இருந்தது. நாமே முடித்துவைத்தால் மனுஷன் வந்து பார்த்து அசந்துபோவார் என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். செங்கல்லின் மேல் அப்பி, கரணையால் தேய்த்து, துணி அளக்கும் மரஸ்கேலை வைத்து நேராக்கினாள். சுவர் தரைவரை ஒரே சீராக இறங்கியது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வண்டியை நிறுத்திய மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அங்கே கருகருவென்று திரண்டுகொண்டிருந்தது.

"அத்தை, இது யாரு...?"

"நான்தான்! எப்படி?"

"வேலை சுத்தமாத்தான் இருக்கு," என்றார் அவர், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல். "செங்கல்லுக்கு நடுவுல கறுப்பா ஒரு தார்ப்பட்டை தெரிஞ்சுதுல்ல? கீழ இருந்து வர்ற ஈரத்த அதுதான் தடுக்குது. பூச்சு அதுக்கு மேலயே நின்னுடணும். தரையத் தொட்டா, ஈரம் பூச்சு வழியா பட்டையத் தாண்டி ஏறிடும். பழைய பூச்சு பண்ணின வேலையே அதுதான்."

தன் கையாலேயே ஓதத்துக்கு ஏணி சாத்தி வைத்திருக்கிறாள்!

"உளிய எடுங்க மாப்பிள்ளை," என்றாள். "எனக்கும் ஒண்ணு குடுங்க."

ஆளுக்கொரு மூலையிலிருந்து ஆரம்பித்தார்கள். கலவை இன்னும் இறுகியிருக்கவில்லை. கொத்தக் கொத்த உதிர்ந்தது. மேல்விளிம்பில் உளி பட்டுவிடக் கூடாதே என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொத்தினாள். முதல் தூறல் முதுகில் விழுந்தது.

"விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்."

"நான் வெச்சது. நான்தான் பிரிக்கணும்."

தையல் பிரிப்பது அவளுக்குப் புதிதா என்ன! தார்ப்பட்டையின் கறுப்புக்கோடு முழுசாய்த் தெரிந்து, கடைசித் துணுக்கைத் துடைப்பத்தால் தள்ளியபோது மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

சுவரில் வழிந்த தண்ணீர் பிதுங்கிய விளிம்புக்கு வந்தது. வந்து, உள்ளே திரும்பாமல், சுவரை விட்டு எட்டிச் சொட்டியது. முழு நீளத்துக்கும் சொட்டியது! "பாருங்க மாப்பிள்ளை, பாருங்க!" என்று அவள் மழையிலேயே குதித்தாள். தரையில் தெறித்த துளிகள் கீழ்ச் செங்கல்லை நனைத்ததும் மறுபடி முகம் வாடியது.

"அது நனையலாம் அத்தை. பட்டையத் தாண்டி ஏறக் கூடாது, அவ்வளவுதான்."

மகன் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவிடாமல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இன்னைக்கு சரிம்மா. முதல் மழைதானே. நாளைக்கு ஏறிச்சுன்னா?"

"நாளைக்கு வந்து பாரு. நாளன்னைக்கும் வா. மழை விடுற வரைக்கும் தினம் வந்து பாத்துட்டுப் போ. வேணாம்னா சொன்னேன்?"

அவன் உள்ளே போனான். வருஷா வருஷம் செய்வதைப் போலச் சுவரோரம் குத்துக்காலிட்டு, தரையோடு உள்ளங்கையை வைத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றாள். வெளியே மழை வலுத்தது. கை மெல்ல மேலே வந்தது. முழங்கால் உயரம், அதற்கும் மேல், பழைய கறை முடியும் இடம். எங்கும் ஈரம் தட்டவில்லை. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு நம்பமாட்டாமல் திரும்பக் கீழே இறங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தது. அவளால் பொறுக்க முடியவில்லை. நகக்கண்ணெல்லாம் சிமெண்ட் ஏறிய தன் கையை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கைகளும் சேர்ந்து சுவரில் மேலே ஏறத் தொடங்கின.