துருக்கர் என்று எழுதிய காகிதம்

ஜன்னலோர மேசையில் சுப்பிரமணியன். சோபாவின் நுனியில், கோட்டைக் கழற்றாமல், றொசானா. சமையலறை வாசலில் முக்காலி போட்டுக்கொண்டு அவர் மனைவி வேதவல்லி. லண்டனின் ஓரத்துச் சட்டனில், அந்த வியாழக்கிழமைப் பிற்பகலில் வீட்டில் அவ்வளவு பேர்தான். வெளியே, விழுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாத தூறல்.

வேதவல்லியோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள் றொசானா. அர்ஜென்டினாவில் பிறந்த யூதப் பெண்; தன்னந்தனி. கண்மூடினால் தன் சனத்தோடு அடங்க வேண்டும் என்று இங்குள்ள யூத ஆலயமொன்றில் சேர விரும்பினாள். பரம்பரைக்குச் சான்று கேட்டார்கள். அவளிடம் இருந்தவை இரண்டு: எபிரேய எழுத்துள்ள அம்மாவின் கல்லறைப் படம், தாய்வழித் தாத்தா அர்ஜென்டினாவில் கப்பலிறங்கியபோது துறைமுகத்தில் அவருக்குக் கொடுத்த காகிதம். அதில் ‘துருக்கர்’ என்றிருந்தது. இரண்டையும் விளக்கி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும்.

கவுன்சிலுக்கு எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை. சுப்பிரமணியன் பத்திகளுக்கு எண் போட்டு, மார்ஜின் விட்டு எழுதி நீட்டினார். றொசானாவின் விரல் இரண்டாம் பத்தியில் நின்றது: ‘என் தாத்தா ஒரு முஸ்லிம்.’

அவர் வளர்ந்த சின்ன ஊரில் துருக்கர் என்றால் துலுக்கர், துலுக்கர் என்றால் முஸ்லிம். குடும்பம் பிற்பாடு யூதராகியிருக்கும் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். அந்த வரியோடு கடிதம் போயிருந்தால் ஆலயக் கதவு மூடியிருக்கும். அவருக்குக் காது சூடேறியது.

தாத்தாவின் ஊரான, சிரியாவிலுள்ள அலெப்போவைத் துருக்கி ஆண்ட நாளில் அங்கிருந்து கப்பலேறிய எல்லோரும், அரபியோ கிறிஸ்தவரோ யூதரோ, அர்ஜென்டினாவில் துருக்கர்தானாம். தெருப் பிள்ளைகள் அவளையும் துருக்கக்காரி என்றார்கள். லண்டனில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு அவள் யூதக்காரி, யூதர்களுக்கு ஸ்பானிஷ்காரி. அவள் சொல்லச் சொல்ல, ஜன்னலில் படிந்த ஆவிக்குள் ஒரு கப்பல் சத்தமில்லாமல் வந்து நின்றது போலவும், இறங்குகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் யாரோ ஒரே பெயரை ஒட்டி அனுப்புவது போலவும் அவருக்குத் தோன்றியது.

காகிதத்தை மறைத்துவிடலாமே என்றார். படம் ஒன்றே போதாதா?

“அதுவும் என் பெயர்தான்” என்றாள் றொசானா.

விஷயம் புரிந்த வேதவல்லி தமிழில் சொன்னாள்: “ஸ்ரீரங்கத்துல பெருமாள்மேல ஆசைப்பட்டு வந்த சுல்தான் பொண்ணு, துலுக்க நாச்சியாருக்கே தனி சந்நிதி, தினம் ரொட்டி நைவேத்தியம். நீங்க எதுக்குப் பேரை மறைக்கிறீங்க? உள்ளபடி எழுதுங்க.”

“எழுதறேன். கடுதாசியில பெருமாளை இழுக்காதே.”

புதுத்தாளில் எழுதினார்: ‘என் தாத்தா அலெப்போ யூதர். துறைமுகத்தில் துருக்கர் என்று பதிந்தார்கள். அந்தப் பெயரோடேயே மூன்று தலைமுறை யூதர்களாக வாழ்ந்தோம். உங்களிடம் ஓர் இடம் கேட்கிறேன்.’

றொசானா இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்டாள். கடிதத்தோடு படத்தையும் காகிதத்தின் நகலையும் உள்ளே வைத்து, உறையின் ஓரத்தை நாக்கில் தொட்டு ஒட்டினாள். தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டிவரை மூவரும் ஒரே குடையில் நடந்தார்கள். அவள்தான் போட்டாள்.