ரப்பர் எண்ணெயில் ஓடிய படகு

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோலைக் கண்ணில் காண்பதே அரிது. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில்தான் லாரிகள் ஓடின. ஈப்போ பட்டறை ஒன்றில் அதைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் சவரிநாதன், எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை விட்டுவிட்டு ஓடிய பழைய படகு மோட்டாரையும் அப்படி மாற்றினார். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் தகர டின்னில் இருக்கும் ரப்பர் எண்ணெய்க்குத் திருப்பிவிட வேண்டும்.

எல்லாம் எனக்காகத்தான். எங்கள் முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. "அடுத்த தடவ வலி கண்டதும் எங்கிட்ட வந்துடு, இசபெல்லா," என்று ஆற்றின் கீழே தெலுக் ஆன்சனில் இருந்த மருத்துவச்சி கெர்ட்ரூட் அம்மா சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் வலி கண்டது. துணைக்குப் பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவும் வர, ஆற்றில் கிளம்பினோம். பாதி வழியில் மோட்டார் நின்றது. அவர் மறுபடி பெட்ரோலில் கிளப்பினார், ஓடியது. ரப்பர் எண்ணெய்க்குத் திருப்பினார், இருமி அடங்கியது.

"என்னா தம்பி, மோட்டாருக்கும் வலி வந்துருச்சா?"

"சும்மா இருங்கக்கா."

"துடுப்புப் போடவா?"

"கடல் ஏறுது. தண்ணி நம்மளத் திரும்ப மேல தள்ளுது. எவ்வளவு போட்டாலும் நின்ன எடத்துலதான் நிப்போம்."

படகைக் கரையோரப் பனை மட்டையில் கட்டினார்.

"பெட்ரோல் இருக்குல்ல?" என்றேன்.

"இன்னும் ஒரு தடவ கெளப்பலாம். அவ்வளவுதான்." பிறகு மோட்டாரிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "பெட்ரோல்ல ஓடுற. அப்ப பிளக்கு சரி. எண்ணெய் வர்ற வழியிலதான் கோளாறு. புள்ள, ஊக்கு இருக்கா?"

ரவிக்கையிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். டின்னிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஊக்கை விட்டார். தேன் நிறத்தில், இழுக்க இழுக்க நீளமாக ஏதோ வந்தது.

"இது என்னா பிசினு?"

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, நேத்து அந்த மூட்டுல ஒழுவுச்சுல்ல. நாந்தான் பால் தடவுனேன்."

"என்னா பாலு?"

"மரத்துல பால் வடியுற மங்குல மிச்சமிருந்த ரப்பர் பாலு."

எங்கள் லயத்து வீடுகளில் வாளி ஓட்டையானாலும், செருப்பு கிழிந்தாலும் ரப்பர் பால்தான் மருந்து. கை தானாகப் போய்விட்டது.

"அடிப்பாவி!" என்றார் அக்கா. "ரப்பர் எண்ணெய்ல ரப்பர் கரையாதா?"

எனக்கு அழுகை வந்தது. "இந்தப் பிள்ளையையும் நானே..."

"அப்படிச் சொல்லாத." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என் பாதத்தைப் பிடித்தார். "நான் பாத்திருந்தாலும் பாலத்தான் தடவியிருப்பேன். தோட்டத்துக்காரன் வேற என்னாத்தத் தடவுவான்?"

பிசினைச் சுரண்டியதும் மூட்டு மறுபடி ஒழுகியது.

"சோத்த வச்சு அடைக்கலாமா?" என்றார் அக்கா.

"சோத்துக்கு எங்கக்கா போறது? கெழங்குதான் இருக்கு. சவுக்காரம்னா நிக்கும். எண்ணெய்ல கரையாது."

சொல்லிவிட்டு என் மூட்டையைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையின் முதல் குளியலுக்கென்று மூன்று மாதமாக நான் துணியில் முடிந்து வைத்திருந்த சவுக்காரத் துண்டு அதில் இருந்தது.

"எடுங்க," என்றேன்.

"அது பிள்ளைக்கு..."

"பிள்ளை மொதல்ல வரட்டும்லா."

அதை எச்சில் தொட்டுப் பிசைந்து மூட்டில் அப்பி, மேலே துணி சுற்றினார். கடைசிப் பெட்ரோலை ஊற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பியது.

"திருப்பவா?"

"இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் தாங்குறேன்."

திருப்பினார். ஒருமுறை இருமியது. வெள்ளைப் புகை வந்தது. ரப்பர் நாற்றத்தில் எங்களுக்கு மூச்சு முட்டியது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை.

தெலுக் ஆன்சன் போய்ச் சேர்ந்ததும் கெர்ட்ரூட் அம்மா அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. அவர் கை வேகமாக அதைப் பிரித்தது. சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வீடே அதிரும்படி ஓர் அழுகை.

வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது: "அம்மா, இசபெல்லா நல்லாருக்காளா?"

"ஆணா பொண்ணான்னு கேக்குதா பாரு இந்த மனுசன்!" என்று சிரித்தார் அக்கா. "பொண்ணுய்யா! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. உள்ள வா!"

வந்தவர், கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிள்ளை வீறிட்டது. நான் மார்போடு அணைத்துத் தட்டப் போனேன்.

"அமத்தாத புள்ள," என்றார். "கொஞ்ச நேரம் அழுவட்டும்."