பைக்காரா வளைவில் கொட்டிய டீ

ஒன்பது வருடமாக ஆறாத டீயை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நீலகிரியில் பிக்கட்டி ஊர்த் தினகரனின் வெள்ளை டாக்சியில், முன் சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டில் கொட்டிய டீ 2016 மே மாதத்திலிருந்து சூடாகவே இருந்தது. ஆவியும் வந்தது. ஜனவரியில் ஊரெல்லாம் உறைபனி படியும்போது அந்த வண்டி மேல் மட்டும் படியாது. தெருநாய்கள் அதற்கடியில்தான் படுத்தன. எஃப்.சி.க்குக் கொண்டுபோனபோது அதிகாரி தொட்டுப் பார்த்துவிட்டு, ஹீட்டர் நன்றாக வேலை செய்வதாக எழுதிக்கொண்டார். அந்த வண்டியில் ஹீட்டரே கிடையாது. பிக்கட்டிக்காரர்கள் கேரட் விலை விசாரிப்பதுபோல, "இன்னும் ஆறலீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

தினகரன் ஊரில் சொல்லிவந்தது இதுதான்: தேவாலாவில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்கு இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். பைக்காராவில் டீ வாங்கினார்கள். அடுத்த வளைவில் என்னவோ பேச்சு வந்து, மனைவி ரேச்சல் கோபத்தில் டீயை வீசிவிட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கூடலூர் பஸ் ஏறிவிட்டாள். அவள் திரும்பி வரவில்லை. தேவாலாவிலேயே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். தினகரன் கறை மேல் மூன்று ரப்பர் மேட்டுகளைப் போட்டான். மூன்றும் இளகி ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சுக்குப் போய்வந்ததும் ஒரு குண்டா தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்தான். உள்ளங்கை அளவு இருந்த கறை தோசை அளவு ஆனது.

போன செவ்வாய்க்கிழமை ரேச்சல் போன் செய்தாள். "வியாழக்கிழமை காலைல கூடலூர் பஸ்ஸ்டாண்டுக்கு வந்திருங்க. அந்தக் கறை என்ர கண்ணுல பட்டுதுன்னா வந்த பஸ்லயே திரும்பிருவனுங்க." அவ்வளவுதான் பேசினாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே தினகரன் ஊட்டி காந்தலில் ஷகீலின் ஷெட்டில் நின்றான். ஷகீலுக்கு வண்டிக்குள் கறை எடுப்பதுதான் தொழில். கொண்டை ஊசி வளைவுகளில், மலைக்குச் சுற்றிப் பார்க்க வரும் கீழ்நாட்டுப் பிள்ளைகள் எடுக்கும் வாந்தியே அவனுக்கு முக்கால்வாசி வேலை. ஆவியைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை.

"இதுல என்னத்த ஊத்துனீங்ணா?"

"வெந்நிதான் பாய். வாராவாரம்."

"அடக் கடவுளே! பால் டீக்கு வெந்நி ஊத்துனா பாலு நூலுக்குள்ள வெந்து ஒட்டிக்குமுங்க. பச்சத்தண்ணிதான் ஊத்தோணும்."

"இந்தக் குளிருல பச்சத்தண்ணில எவன் பாய் கை வெப்பான்?"

ஷகீல் வைத்தான். முதலில் மெஷினை வைத்து உறிஞ்சியதில் அரை வாளி டீ வந்தது. பக்கத்து டீக்கடை அயூப் மோந்து பார்த்து, பைக்காரா டீதான், ஏலக்காய் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு குழாய்த் தண்ணீரை ஊற்றுவது, துண்டை வைத்து அமுக்கி ஒற்றுவது, மறுபடி ஊற்றுவது. விரல் மரத்துப்போனால் கறை மேலேயே வைத்துச் சூடுபடுத்திக்கொண்டான். மத்தியானத்துக்குள் நடுக்கறை வெளுத்துவிட்டது. ஓரத்தில் தெறித்த துளிகள் மட்டும் மிச்சம். ஷகீல் டார்ச் அடித்துப் பார்த்தான். துளிகளின் வால் எல்லாம் இடது கதவைப் பார்த்து நீண்டிருந்தன.

"ஏனுங்ணா, அவங்க வீசியிருந்தா தெறிப்பு உங்க பக்கமில்லீங்க வரோணும்? இது ஸ்டீரிங் பக்கமிருந்து வந்திருக்குதுங்களே."

தினகரன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வளைவுல ஒத்தக் கைல ஓட்டீட்டு டீ குடிச்சேன் பாய். கொட்டிப்போச்சு. நீதான் என்ர கைய இடிச்சேன்னு அவளச் சொன்னேன். எறங்கிப் போயிட்டா. ஊருல கேட்டாங்க, வீசிட்டான்னு சொல்லிப்போட்டேன்."

"ஒம்பது வருசமாவா?"

"மொத நாளு சொல்லிட்டா அப்பறம் மாத்தறது செரமம் பாய்."

ஷகீல் துண்டைப் பிழிந்தான். நாலு மணிக்குக் கார்ப்பெட் புதுசுபோல இருந்தது. தினகரன் கை வைத்துப் பார்த்தான். சூடு அப்படியே இருந்தது.

"கறை போயிருச்சுங்ணா," என்றான் ஷகீல். "சூடு என்ர வேலைல சேராதுங்க."

மறுநாள் காலை தேவாலா பஸ் இருபது நிமிடம் தாமதமாகக் கூடலூர் வந்தது. நல்ல மழை. ரேச்சல் முன் கதவைத் திறந்து, குனிந்து கார்ப்பெட்டைப் பார்த்தாள். நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, இரண்டு பாதங்களையும் அந்த இடத்தில் வைத்தாள். பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"டீய நான்தான் கொட்டுனேன்," என்றான் தினகரன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? வண்டிய எடுங்க."

பைக்காரா வளைவை அவன் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக் கடந்தான். பிக்கட்டி வரும்வரை அவள் பாதங்களை எடுக்கவில்லை.